வீட்டிலேயே ஆர்.எஃப். இரைச்சல் பெட்டி கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைச்சலை ஒழிக்கத்தானே எல்லோரும் பாடுபடுகிறோம்? அதை ஏன் வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும்?

ஏனென்றால் ஆர்.எஃப். இரைச்சல், அதாவது வானொலி அலைவரிசை இரைச்சல், ஒரே நேரத்தில் எல்லா அலைவரிசைகளிலும் இருக்கிறது. ஒரு ஃபில்டர் எந்த அலைவரிசையை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்று பார்க்க சிக்னல் ஜெனரேட்டரை ஒவ்வொரு அலைவரிசையாக நகர்த்திக்கொண்டு போகலாம், அல்லது ஒரு முனையில் இரைச்சலை ஊற்றிவிட்டு மறுமுனையில் ஸ்பெக்ட்ரம் அனலைசரையோ ஒரு சின்ன எஸ்.டி.ஆர். ரிசீவரையோ (கணினி மென்பொருளோடு இயங்கும் வானொலி) வைத்தால் ஃபில்டரின் வடிவம் அப்படியே திரையில் வந்து நிற்கும். ரிசீவர் எவ்வளவு மெல்லிய சிக்னலைக் கேட்கும் என்று அளக்கவும், ஆன்டெனா எங்கே ஒத்திசைகிறது என்று தேடவும், கேபிளில் இழப்பு எவ்வளவு என்று பார்க்கவும் இதே பெட்டி உதவும். ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு மூன்று ரெசிஸ்டரும் கொண்டு இத்தனை வேலை செய்யும் வேறு கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும். இரைச்சலை உண்டாக்குவது அரை மணி நேர வேலை. எவ்வளவு இரைச்சல் என்று தெரிந்து உண்டாக்குவதுதான் உண்மையான வேலை.

ஒரு பெட்டி போதுமா?

போதாது. இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு சாதி. ஒன்று, பெருக்கி வைத்த, பலமான இரைச்சல் தரும் பெட்டி. இதைச் சத்தப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர், கேபிள், பிரிட்ஜ் (ஆன்டெனாவை ஒப்பிட்டுப் பார்க்கும் சுற்று) சோதனைக்கு இது. இன்னொன்று பெருக்கியே இல்லாத, வெளியீட்டில் அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் மூன்று ரெசிஸ்டர் தட்டு) வைத்த, மெல்லிய ஆனால் அளவு தெரிந்த பெட்டி. இது அளவுப் பெட்டி, நாய்ஸ் ஃபிகர் (ஒரு பெருக்கியோ ரிசீவரோ தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) அளக்க. சத்தப் பெட்டியை வைத்து நாய்ஸ் ஃபிகர் அளக்கப் போய் எண்கள் கண்டபடி வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். காரணம் எளிது. நாய்ஸ் ஃபிகர் அளக்க, இரைச்சல் தரும் மூலம் அணைந்திருக்கும்போது வெறும் 50 ஓம் ரெசிஸ்டர் போல நடக்க வேண்டும். சத்தப் பெட்டியில் இரைச்சலை உண்டாக்கும் டயோடை மட்டும் அணைத்தாலும் பெருக்கியின் சொந்த இரைச்சல் வெளியே வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு ரெசிஸ்டரே இரைச்சல் தருமாமே, அதுவே போதாதா?

தரும். 1928இல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்து வெளியிட்டார், அதே ஆண்டு நைக்விஸ்ட் அதற்கான கணக்கைக் கொடுத்தார். வெப்பநிலை இருக்கும் எந்த ரெசிஸ்டரும் இரைச்சல் தரும், 290 கெல்வினில் அது பொருந்திய சுமைக்குக் கொடுக்கும் அளவு ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ரெசிஸ்டரின் மதிப்பு என்னவாக இருந்தாலும் இந்த எண் மாறாது. ஆனால் இது மிக மெல்லியது, சாதாரண ரிசீவரின் சொந்த இரைச்சலே இதைவிட அதிகம். அதனால் இதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, இதற்கு மேல் எத்தனை டெசிபல் என்று மற்றவற்றைச் சொல்கிறோம். அதுதான் இ.என்.ஆர். என்ற எண். 290 கெல்வினுக்கு மேல் எத்தனை மடங்கு கூடுதல் வெப்பநிலை போல இந்த மூலம் தோன்றுகிறது என்பதை டெசிபலில் சொல்வது. 15 டெசிபல் இ.என்.ஆர். என்றால் ஏறத்தாழ 9,460 கெல்வினில் காய்ந்துகொண்டிருக்கும் ரெசிஸ்டருக்குச் சமம். எந்த ரெசிஸ்டரையும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால்தான் டயோடைத் தேடிப் போகிறோம்.

ஜீனர் டயோடு போடலாமா, டிரான்சிஸ்டர் போடலாமா?

இரண்டும் நடக்கும், எந்த அலைவரிசை வரை வேண்டும் என்பதைப் பொறுத்தது.

ஜீனர் என்று பெயர் இருந்தாலும் சுமார் 6 வோல்ட்டுக்கு மேற்பட்டவற்றில் நடப்பது அவலாஞ்ச் எனும் சரிவுப் பெருக்கம். ஒரு எலெக்ட்ரான் மோதி இன்னொன்றை விடுவிக்க, அது மேலும் ஒன்றை விடுவிக்க, இப்படிக் கட்டுப்பாடில்லாத குவியல் குவியலாக மின்னோட்டம் வருவதால் இரைச்சல் பலமாக இருக்கும். 3.3 வோல்ட் மாதிரி சின்ன ஜீனர்களில் நடப்பது வேறு விதமான உடைவு (தலைகீழ் மின்னோட்டம் திடீரெனப் பாயத் தொடங்குவது), அமைதியானது. அவற்றை வைத்துக் கட்டிவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், 12 வோல்ட்டோ அதற்கு மேலோ எடுங்கள்.

அடுத்த சிக்கல் கெபாசிட்டன்ஸ். சாதாரண ஜீனரின் சந்தியில் (ஜங்ஷன்) 50 பிக்கோஃபாரட் இருந்தால், 50 ஓம் சுமையோடு சேர்ந்து சுமார் 64 மெகாஹெர்ட்ஸிலேயே சரிய ஆரம்பித்துவிடும். சிற்றலை வானொலி வேலைக்கு இது தாராளம். அதற்கு மேலே போக வேண்டுமானால் டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் சந்தியைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். 2என்3904 மாதிரி சாதாரண டிரான்சிஸ்டரில் அந்தச் சந்தி பெரும்பாலும் 7 முதல் 9 வோல்ட்டுக்குள் உடையும், கெபாசிட்டன்ஸ் அதிகபட்சம் 8 பிக்கோஃபாரட், அப்படியானால் கணக்குப்படி 400 மெகாஹெர்ட்ஸ் வரை வரும். பி.எஃப்.ஆர்.93 மாதிரி ஆர்.எஃப். டிரான்சிஸ்டர்களில் இன்னும் குறைவு, அவற்றை வைத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் போகலாம். இதற்கென்றே செய்து அளந்து விற்கும் இரைச்சல் டயோடுகளும் உண்டு, அளவுப் பெட்டிக்கு அதைப் போட முடிந்தால் நல்லது.

சரி, சுற்றைச் சொல்லுங்கள்.

என்.பி.என். டிரான்சிஸ்டரின் பேஸை நிலத்தில் (கிரவுண்ட்) சேருங்கள். கலெக்டரை எதிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், கம்பியைக் குட்டையாக வெட்டிவிடலாம். எமிட்டருக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட். ஆம், எமிட்டர்தான் நேர்மின் பக்கம், பழக்கத்தில் மாற்றிப் போட்டால் சாதாரண டயோடு போல 0.7 வோல்ட்டில் உட்கார்ந்துவிடும். 8 வோல்ட்டில் உடைகிறது என்று வைத்துக்கொண்டால் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரில் சுமார் 0.85 மில்லி ஆம்பியர், 1 கிலோ ஓமில் 4 மில்லி ஆம்பியர். எமிட்டரிலிருந்து ஒரு கெபாசிட்டர் வழியாக இரைச்சலை வெளியே எடுங்கள். 10 நானோஃபாரட் போட்டால் 50 ஓம் அமைப்பில் கீழ்முனை சுமார் 160 கிலோஹெர்ட்ஸ், 100 பிக்கோஃபாரட் போட்டால் சுமார் 16 மெகாஹெர்ட்ஸ்.

ரெசிஸ்டரின் மின்சாரப் பக்கத்தை நிலத்தோடு நன்றாகப் பூட்டுங்கள், 100 பிக்கோஃபாரட், 1 நானோஃபாரட், 100 நானோஃபாரட் ஆகிய மூன்று கெபாசிட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. இதைச் செய்யாமல் விட்டால் மின்சாரக் கம்பியே ஆன்டெனாவாகி ஊரில் இருக்கும் எஃப்.எம். நிலையங்கள் எல்லாம் உங்கள் இரைச்சலுக்குள் வந்து உட்காரும்.

கம்பி நீளம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி. 10 மில்லிமீட்டர் கால் வைத்தால் 1 கிகாஹெர்ட்ஸில் அது 63 ஓம், அதாவது உங்கள் 50 ஓம் அமைப்பையே விழுங்கிவிடும் தடை. செம்பு பூசிய பலகையில், பாகங்களைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, மேற்பரப்பில் பற்றவைக்கும் (எஸ்.எம்.டி.) பாகங்களாகவே போடுங்கள். பிரெட்போர்டில் கட்டிய இரைச்சல் பெட்டி எனக்கு ஒருநாளும் உருப்படியாக வேலை செய்ததில்லை.

எவ்வளவு மின்னோட்டம் வைக்க வேண்டும்?

கூட்டினால் இரைச்சலும் கூடும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. குறைந்த மின்னோட்டத்தில் சந்தியில் ஓரிரு புள்ளிகள் மட்டும் விட்டு விட்டு உடைகின்றன, ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு நிலைகளுக்கு இடையே துள்ளும் சதுரத் துடிப்புகள் போலத் தெரியும். இரைச்சல் பலம், ஆனால் கீழ் அலைவரிசைகளில்தான். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் கீழ்ப்பகுதியில் இரைச்சல் குறையும், அதே நேரம் அது மேலே நீண்டு சமமாகப் பரவும். அதனால் ரெசிஸ்டரோடு ஒரு டிரிம்மரை (திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராகப் போட்டு, அனலைசரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள், உங்களுக்குத் தேவையான பட்டையில் எங்கே அதிகச் சமமாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒரே பையில் வந்த பத்து டிரான்சிஸ்டரும் பத்து விதமாக நடக்கும், ஐந்தாறைச் சோதித்து நல்லதை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.

இப்படிப் பயன்படுத்திய டிரான்சிஸ்டரை அப்புறம் பெருக்கியில் போடலாமா?

வேண்டாம். பேஸ்–எமிட்டர் சந்தியை உடைவில் ஓட்டினால் அதன் பெருக்கும் திறன் குறைந்துபோகும். ஒரு புள்ளி வைத்துத் தனி டப்பாவில் போடுங்கள்.

மின்சாரத்துக்கு யூ.எஸ்.பி. பூஸ்ட் பலகை போதுமா?

அளவுப் பெட்டிக்குக் கூடவே கூடாது. சுவிட்ச்சிங் சுற்றுகளின் துடிப்பு அப்படியே இரைச்சலில் ஏறி, சமமாக இருக்க வேண்டிய தளத்தில் முட்கள் மாதிரி நிற்கும். 9 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக வைத்து, லீனியர் ரெகுலேட்டர் வழியாக 12 வோல்ட் எடுத்தால் போதும். 24 வோல்ட் ஜீனர் என்றால் நான்கு பேட்டரி வேண்டியிருக்கும், மூன்று வைத்தால் 27 வோல்ட்தான், கொஞ்சம் தேய்ந்ததுமே மின்னோட்டம் நழுவிவிடும். மின்னோட்டம் நழுவினால் இரைச்சல் அளவும் நழுவும் என்பதால் முடிந்தால் நிலையான மின்னோட்டச் சுற்று ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

சத்தப் பெட்டிக்கு எத்தனை பெருக்கி நிலை போடலாம்? மூன்று போட்டேன், இன்னும் ஒன்று போட்டால் நன்றாக இருக்குமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயோடு 30 டெசிபல் இ.என்.ஆர். தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 174இல் 30ஐக் கூட்டினால் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 144 டி.பி.எம். எம்.ஏ.ஆர்.-6 மாதிரி 20 டெசிபல் பெருக்கும் ஒற்றைச் சில்லுப் பெருக்கி மூன்று வைத்தால் 60 டெசிபல் கூடி மைனஸ் 84 டி.பி.எம். பார்க்கச் சின்ன எண். ஆனால் இது ஒரே ஒரு ஹெர்ட்ஸுக்கு. 1 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 90 டெசிபல் கூட்ட வேண்டும், அப்படியானால் மொத்தம் பிளஸ் 6 டி.பி.எம்.! எம்.ஏ.ஆர்.-6 தாங்குவது பிளஸ் 2, 3 டி.பி.எம். அளவுதான். அதாவது மூன்றாவது நிலை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது, நான்காவதைப் போட்டால் சத்தம் கூடாது, வெட்டுப்படும்.

இன்னொன்று, இரைச்சலின் உச்சிகள் சராசரியைவிட 10 டெசிபலுக்கும் மேலே போகும். அதனால் கடைசி நிலைக்குச் சராசரிக்கு மேல் குறைந்தது 10 டெசிபல் இடம் விடுங்கள், முதல் இரண்டுக்கு எம்.ஏ.ஆர்.-6 போட்டுக் கடைசிக்கு மட்டும் இ.ஆர்.ஏ.-5 மாதிரி கொஞ்சம் பலமான சில்லுப் போடுங்கள். உச்சி வெட்டுப்பட்ட இரைச்சல் அனலைசரில் சமமாகத்தான் தெரியும், அதுதான் ஆபத்து, கண்ணால் பிடிக்க முடியாது. பெருக்கிக்கு முன்னால் 3 டெசிபல் அட்டென்யூவேட்டர் ஒன்றை நுழைத்துப் பாருங்கள். வெளியீடு சரியாக 3 டெசிபல் இறங்கினால் நல்லது, 1 டெசிபல்தான் இறங்கியது என்றால் பெருக்கி நிறைந்துபோயிருக்கிறது.

எம்.ஏ.ஆர்.-6க்கு 3.5 வோல்ட், 16 மில்லி ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டிலிருந்து என்றால் 530 ஓம். நிலைகளுக்கு நடுவே தகரத் தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் 60 டெசிபல் பெருக்கம் ஒரே பலகையில் தானாகவே ஊசலாடத் தொடங்கும்.

இரைச்சல் சமமாக இல்லை, மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

மெல்லிய அலை போல ஒழுங்கான இடைவெளியில் மேடு பள்ளம் என்றால் பொருத்தம் சரியில்லை, கேபிளில் போய் வரும் எதிரொலி. அட்டென்யூவேட்டர் போட்டால் அடங்கும். ஒரே இடத்தில் கூர்மையான மலை என்றால் பெருக்கி ஊசலாடுகிறது, பெட்டியின் மூடியைத் திறந்து மூடினால் மலை நகர்கிறதா என்று பாருங்கள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் முட்கள் என்றால் அது எஃப்.எம். ஒலிபரப்பு, கவசம் போதவில்லை. மேலே போகப் போக ஒரே சீராகச் சரிகிறது என்றால் சந்தியின் கெபாசிட்டன்ஸ் அல்லது கம்பி நீளம். ஒன்றிரண்டு டெசிபல் சரிவு பெரிய குற்றமில்லை, எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம்.

எதற்கெடுத்தாலும் அட்டென்யூவேட்டர் என்கிறீர்கள். கஷ்டப்பட்டு உண்டாக்கிய இரைச்சலை ஏன் குறைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பதில் சொல்வேன், ஏனென்றால் வீட்டில் கட்டும் பெட்டிக்கும் நம்பத்தக்க கருவிக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் இந்த மூன்று ரெசிஸ்டர்தான்.

உடைவில் இருக்கும் டயோடின் தடை ஒன்று, அணைந்திருக்கும்போது வேறொன்று. நீங்கள் சோதிக்கும் பெருக்கி அந்த மாற்றத்தையும் பார்க்கும், அதன் பெருக்கமே மாறும், நீங்கள் இரைச்சல் மாறியதாக நினைத்துக்கொள்வீர்கள். நடுவே 10 டெசிபல் அட்டென்யூவேட்டர் இருந்தால் டயோடிலிருந்து திரும்பும் எதிரொலி போகும்போது 10, வரும்போது 10 என்று 20 டெசிபல் அடங்கிவிடும். டயோடு முழுக்கத் திறந்த சுற்றாகவே இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல 50 ஓமாகத் தெரியும்.

இழப்பு என்று வருந்தவும் தேவையில்லை. அட்டென்யூவேட்டரும் அறை வெப்பநிலையில் இருப்பதால் அதன் மதிப்பு எத்தனை டெசிபலோ அத்தனை டெசிபல் இ.என்.ஆர். குறையும், கணக்கு அவ்வளவுதான். 30 டெசிபல் டயோடுக்குப் பின் 15 டெசிபல் வைத்தால் 15 டெசிபல் மூலம், விலைக்குக் கிடைக்கும் பல மூலங்களின் அளவும் இதுதான். நல்ல குறைந்த இரைச்சல் பெருக்கிகளை அளக்க 5, 6 டெசிபல் இன்னும் உகந்தது, அதற்கு மேலும் 10 டெசிபல் வையுங்கள்.

பை வடிவத்தில் 10 டெசிபலுக்கு நிலத்துக்கு 96 ஓம் இரண்டு, நடுவே 71 ஓம். கையில் கிடைக்கும் 100, 68 போட்டாலும் ஓரளவு சரியாகவே வரும். 6 டெசிபலுக்கு 150, 37. 20 டெசிபலுக்கு 61, 248. 20ஐ ஒரே தட்டில் போடுவதைவிட இரண்டு 10 ஆகப் பிரித்தால் உயர் அலைவரிசைகளில் பக்கவாட்டுக் கசிவு குறையும்.

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். வைத்து ஃபில்டரை அளப்பது எப்படி?

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்பது யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன எஸ்.டி.ஆர். ரிசீவர். சத்தப் பெட்டி, அட்டென்யூவேட்டர், ஃபில்டர், மறுபடி அட்டென்யூவேட்டர், ரிசீவர் என்று வரிசை. மேலே போட்ட கணக்கின்படி பெட்டியின் வெளியீடு பிளஸ் 6 டி.பி.எம். வரை இருக்கலாம். நீங்கள் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான் பார்க்கிறீர்கள், ஆனால் ரிசீவரின் முன்வாசல் கிகாஹெர்ட்ஸ் முழுவதையும் பார்க்கிறது. குறைந்தது 30, 40 டெசிபல் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, பெருக்கத்தைக் கையால் ஓரிடத்தில் நிறுத்துங்கள். முதலில் ஃபில்டர் இல்லாமல் நேராக இணைத்து ஒருமுறை வருடிச் சேமியுங்கள், பிறகு ஃபில்டரோடு ஒருமுறை. இரண்டையும் கழித்தால் பெட்டியின் மேடு பள்ளம், கேபிளின் சரிவு எல்லாம் போய் ஃபில்டர் மட்டும் மிஞ்சும்.

8 பிட் மாற்றி என்பதால் கொள்கையளவில் சுமார் 50 டெசிபல்தான் ஆழம். 80 டெசிபல் தடுக்கும் ஃபில்டரின் அடிமட்டம் இதில் தெரியாது.

ஒவ்வொரு முறையும் எண் ஆடிக்கொண்டே இருக்கிறதே?

இரைச்சலை அளக்கும்போது பொறுமைதான் முக்கியமான பாகம். ஆட்டத்தின் அளவு, பட்டையகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 10 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் 10 மில்லி விநாடி அளந்தால் 10 சதவீதம், அதாவது 0.4 டெசிபல் ஆடும். அதையே 1 விநாடி சராசரி எடுத்தால் 1 சதவீதம், 0.04 டெசிபல்.

சராசரியை எப்படி எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டெசிபல் எண்களைச் சராசரி எடுக்கும் அனலைசர்கள் இரைச்சலை உண்மையைவிட 2.5 டெசிபல் குறைத்துக் காட்டும். பவரைச் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு டெசிபலாக மாற்றுங்கள். இரண்டு அளவுகளின் வித்தியாசம் மட்டும் வேண்டும் என்றால், இரண்டிலும் இரைச்சலே இருக்கும்வரை இந்தத் தவறு தானாகவே அடிபட்டுப்போகும்.

நாய்ஸ் ஃபிகர் அளப்பது எப்படி?

அளவுப் பெட்டியைப் பெருக்கியின் முன்னால் வைத்து, டயோடை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை வெளியீட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்துக்கு ஒய் என்று பெயர். நாய்ஸ் ஃபிகர் என்பது இ.என்.ஆரிலிருந்து, ஒய் கழித்தல் ஒன்றின் டெசிபல் மதிப்பைக் கழித்தால் வருவது. உதாரணமாக இ.என்.ஆர். 15 டெசிபல், ஒய் 12 டெசிபல். 12 டெசிபல் என்றால் 15.85 மடங்கு, ஒன்றைக் கழித்தால் 14.85, அது 11.7 டெசிபல். 15இலிருந்து கழித்தால் 3.3 டெசிபல் நாய்ஸ் ஃபிகர். ஒய் டெசிபலிலிருந்தே நேரடியாக ஒன்றைக் கழித்துவிடாதீர்கள், மடங்காக மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும்.

பின்னால் இருக்கும் ரிசீவரின் இரைச்சலும் இதில் கலந்திருக்கும். 1 டெசிபல் நாய்ஸ் ஃபிகர், 15 டெசிபல் பெருக்கம் உள்ள பெருக்கிக்குப் பின்னால் 6 டெசிபல் ரிசீவர் இருந்தால் மொத்தம் 1.3 டெசிபலாகத் தெரியும். நடுவே இன்னொரு பெருக்கி வைத்தால் இந்தத் தவறு கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

என் பெட்டியின் இ.என்.ஆர். எனக்கு எப்படித் தெரியும்?

எளிதான வழி, அளந்த மூலம் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு மாலை நேரம் கேட்டு வாங்கி ஒப்பிடுவது. அது இல்லையென்றால் நாய்ஸ் ஃபிகர் ஓரளவு நிச்சயமாகத் தெரிந்த பெருக்கி ஒன்றை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போடலாம். பெருக்கி 2 டெசிபல், ஒய் 8 டெசிபல் என்றால், 8 டெசிபல் 6.31 மடங்கு, ஒன்று போக 5.31, அது 7.25 டெசிபல், 2ஐக் கூட்டினால் உங்கள் இ.என்.ஆர். 9.25 டெசிபல். சரியான பலகை அமைப்பில் உள்ள பெருக்கியாக இருந்தால் அரை டெசிபலுக்குள் நம்பலாம்.

யாரையும் நம்பாமல் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் கொதிநீரும் பனிக்கட்டி நீரும். 50 ஓம் ரெசிஸ்டரை நீர் புகாத மெல்லிய உலோகக் குழாயில் அடைத்து, 373 கெல்வினில் ஒருமுறை, 273 கெல்வினில் ஒருமுறை. 3 டெசிபல் பெருக்கியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 0.7 டெசிபல். நீங்கள் 0.05 டெசிபல் தவறாகப் படித்தால் விடையில் 0.3 டெசிபல் தவறு வரும். அதனால் பெருக்கி சூடேறி நிலைபெற அரை மணி விட்டு, மாற்றி மாற்றிப் பத்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். நான் முதன்முதலில் இப்படி அளந்து, ரெசிஸ்டரின் சூடு ஒன்றுதான் காரணமாக மீட்டர் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தபோது உண்டான மகிழ்ச்சி இன்றும் அப்படியே இருக்கிறது. படித்த சூத்திரம் கண்முன்னால் அசைகிறது!

திரவ நைட்ரஜன் 77 கெல்வின், வித்தியாசம் இன்னும் பெரியது, ஆனால் காற்றோட்டமும் பாதுகாப்பும் உள்ள ஆய்வகத்தில் மட்டும். வீட்டு அறையில் வேண்டாம்.

மைக்ரோகன்ட்ரோலரில் போலி இரைச்சல் உண்டாக்கலாமா?

நன்றாக உண்டாக்கலாம். 31 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் 31ஆம், 28ஆம் இடங்களை எக்ஸ்-ஆர் செய்து திருப்பிக் கொடுத்தால் 2,147,483,647 பிட்டுகளுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அது 21 விநாடிக்கும் மேல். கடிகாரத்தின் பத்தில் ஒரு பங்கு வரை 0.15 டெசிபலுக்குள் சமமாக இருக்கும், கடிகார அலைவரிசையில் சுழியாகிவிடும். அளவு மின்னழுத்தத்தையும் கடிகாரத்தையும் மட்டுமே பொறுத்தது என்பதால் சிற்றலைப் பகுதியில் இது டயோடைவிட நம்பகமானது. ஆனால் 7 பிட் மாதிரி குட்டி ரெஜிஸ்டர் போட்டால் அது இரைச்சலே இல்லை, 787 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் தனித்தனிக் கோடுகள்.

நான் கட்டிய சுற்று வெளி இரைச்சலைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்டி உதவுமா?

அவ்வளவாக இல்லை. மைக்ரோகன்ட்ரோலரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் மெல்லிய தொடர் இரைச்சல் இல்லை, திடீர்த் துடிப்பு. அதற்குப் பழைய வழி, தன் சுருளுக்கு வரும் மின்சாரத்தைத் தன் தொடுப்பு வழியாகவே எடுத்துக்கொண்டு படபடக்கும் ரிலே. பாதுகாப்பு டயோடு போடாமல் 12 வோல்ட் ரிலேயை இப்படி ஓட்டி, அதன் கம்பியைச் சோதிக்கும் கேபிளோடு ஒட்டிப் படுக்க வைத்தால், ரீசெட் ஆகும் பலகை உடனே ரீசெட் ஆகும். ஐ.இ.சி. 61000-4-4 தரச் சோதனையில் 5 நானோவிநாடியில் எழும் துடிப்புகள் வரும், இது அதற்கு மாற்று ஆகாது, ஆனால் பலவீனமான இடம் எது என்று காட்டிக்கொடுக்கும். சில விநாடிகள் மட்டும், உலோகப் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள், பக்கத்து வானொலிகளையெல்லாம் இது கெடுக்கும்.

ஆன்டெனாவில் இணைத்துப் பார்க்கலாமா?

சத்தப் பெட்டியை ஆன்டெனாவில் நேராக இணைக்கவே கூடாது. இது விதிகளை மீறுவது மட்டும் இல்லை. விமான வானொலி 108 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், ஜி.பி.எஸ். 1575.42 மெகாஹெர்ட்ஸ், இரண்டும் உங்கள் இரைச்சலின் பட்டைக்குள்ளேயே கிடக்கின்றன. ஜி.பி.எஸ். சிக்னல் தரைக்கு வரும்போது மைனஸ் 130 டி.பி.எம். அளவுதான். யாருடைய வழியையோ, யாருடைய உயிரையோ நாம் தொடுகிறோம்.

ஆன்டெனாவின் ஒத்திசைவைப் பார்க்கப் பிரிட்ஜ் வழியாக இணைக்க வேண்டியிருந்தால் கையில் உள்ள ரிசீவருக்குப் போதுமான அளவு வரை அட்டென்யூவேட்டரைக் கூட்டி, பார்க்க வேண்டிய பட்டைக்கு மட்டும் ஃபில்டர் வைத்து, ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்து அணைத்துவிடுங்கள். ஆன்டெனா இணைப்பைத் திறந்து வைத்து முதல் அளவு, இணைத்து இரண்டாம் அளவு, எங்கே குழி விழுகிறதோ அதுதான் ஒத்திசைவு.

பெட்டி எதில் கட்டுவது?

சாலிடர் பிடிக்கும் தகரம் அல்லது செம்பு பூசிய பலகைகளை ஒட்டிய பெட்டி. மூடியையும் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும், மின்சாரம் ஃபீட்-த்ரூ கெபாசிட்டர் (பெட்டிச் சுவரில் பொருத்தும் கெபாசிட்டர்) வழியாக உள்ளே போக வேண்டும், வெளியீடு எஸ்.எம்.ஏ. இணைப்பி. பிளாஸ்டிக் டப்பாவில் கட்டியது சத்தப் பெட்டி இல்லை, டிரான்ஸ்மிட்டர்.

கட்டி முடித்தாயிற்று. அடுத்து?

அளவுப் பெட்டியின் மேலேயே ஒரு காகிதம் ஒட்டுங்கள். டயோடின் மின்னோட்டம், உள்ளே இருக்கும் அட்டென்யூவேட்டர், ஐந்தாறு அலைவரிசைகளில் இ.என்.ஆர்., எதோடு ஒப்பிட்டு அளந்தீர்கள், எந்தத் தேதியில், அறை வெப்பநிலை என்ன. ஆறு மாதம் கழித்து அதே பெருக்கியை வைத்து மறுபடி ஒய் பாருங்கள். 0.2 டெசிபலுக்குள் நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது. நழுவியிருந்தால் முதலில் பேட்டரியையும், அடுத்து எஸ்.எம்.ஏ. இணைப்பியின் முறுக்கையும், கடைசியில் டயோடையும் சந்தேகப்படுங்கள்.